விலைப்புள்ளி

தேங்காய்ப்பட்டணம் மீன் ஏலக்கூடம்.
ஏழு கணினி, இரண்டு எடைமேடை, ஒரு பிரின்டர்.
"எது கெடாதோ அதைப் போடு பிள்ளே" என்கிறார்
சங்கச் செயலாளர் பெர்க்மான்ஸ்.
கெடாதது எதுவும் என் பையில் இல்லை.
எப்படிக் கெடும் என்பதைத்தான் விற்கிறேன்.

முன்பு இங்கே ஒற்றை வடம் ஓடியது,
சுவரோரமாய், கருவாட்டுக் கொடி மாதிரி.
வருகிறவர் எல்லாம் அதில் தொங்கிக்கொள்ளலாம்.
செலவு கொஞ்சம்.
நுனியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு மூடி;
அதை உப்புக்காற்று தின்று முடித்த நாள்
அனுப்பியதெல்லாம் முட்டித் திரும்பி வந்து
தன் பேச்சில் தானே குழம்பியது கூடம்.
பழுது எங்கே என்று
ஒரு பகல் முழுக்கக் குனிந்தே நடந்தேன்.

வளையம் எனக்குப் பிடிக்கும். கேட்பார் இல்லை.
வள்ளத்தில் தண்ணீர்க் குப்பி கைமாறுவது போல:
குப்பி யார் கையிலோ அவருக்குத்தான் வாய்.
அடிபிடி இல்லை, ஒருவர் சொல்லில் ஒருவர் விழுவதில்லை.
நாலாவது ஆள் உறங்கிவிட்டால்
ஐந்தாமவனுக்கு நாக்கு வறளும்,
அவ்வளவுதான்.

நட்சத்திரம் எல்லாரும் போடுவது.
நடுவில் ஒரு பெட்டி, ஆளுக்கொரு கம்பி.
ஒன்று அறுந்தால் ஒருவர் மட்டும் ஊமை.
ஏலம் விளிக்கிற ததேயுஸைப் பாருங்கள்:
அறுபது பேர் அவர் வாயைப் பார்த்து நிற்கிறார்கள்,
பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரிய வேண்டாம்.
போன ஆவணியில் அவருக்குத் தொண்டை கட்டியது.
லட்ச ரூபாய்க் கணவாய்
விலை சொல்ல ஆளில்லாமல் ஐஸில் வெளிறியது.

கடைசியாக, எல்லாரோடும் எல்லாரும்.
(வலை என்ற சொல்லை வைத்து வித்தை காட்ட மாட்டேன்.
இங்கே அது சோறு, வட்டி, அறுபட்ட விரல்.)
பத்துப் பொருளுக்கு நாற்பத்தைந்து கம்பி என்றேன்.
"கூரை வேண்டாம், வயரே போதும்" என்று சிரித்தார்.

ஆனால் கடலில் கம்பியில்லாமல் அதைத்தான் செய்கிறார்கள்.
காற்று திரும்பிய ராத்திரி
என் தம்பி ஷிபின் போன போட்டில் எஞ்சின் நின்றது.
கரையின் கோபுரத்துக்கு அவன் குரல் எட்டவில்லை.
பக்கத்து போட் எடுத்தது, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது.
ஒரு வழியாக வந்த எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது.
இன்னொரு வழியாக வந்தது வேறு எண்.
மூன்றாவது வழி தீர்ப்புச் சொன்னது.
விடியும்போது அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள்,
வாந்தியும் டீசலும் நாற.

அதே வயர்லெஸ், அதே போட்டுகள்.
மீன் பட்ட நாளில் என்ன பேசுவார்கள் தெரியுமா?
"ஒண்ணும் இல்லே மக்கா, வெறும் சொறி."
எல்லாருக்கும் கேட்கிற இடத்தில்
பொய்தான் பூட்டு.

ஆகவே எழுதினேன்:
நட்சத்திரம். நடுப்பெட்டி இரண்டு;
ஒன்று ஓட, ஒன்று சும்மா இருக்க.
"சும்மா இருக்கதுக்கா இந்தத் துட்டு?"
ததேயுஸின் தொண்டையை ஞாபகப்படுத்தினேன்.
"அதுக்குப் பொறவு அவரு வெந்நிதானே குடிக்காரு" என்று
சிவப்புப் பேனாவால் இரண்டை ஒன்றாக்கி
கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாளில் வேலை முடிந்தது.
ஒரு கம்பி மட்டும் பில்லில் கிடையாது.
எடைமேடையிலிருந்து ஐஸ் கம்பெனிச் சுவர் வரை
கூரைக்கு மேலாக இழுத்து,
நுனியில் டேப் சுற்றி, ஓட்டுக்கடியில் செருகியிருக்கிறேன்.
இப்போதைக்கு அது எங்கேயும் போகவில்லை.