அறுபத்தொன்றாம் குழி

என் பெயருக்கு 'மகன் பிறக்கட்டும்' என்று பொருள்.
உல்போல்சின்.
நான்காவது பெண்ணுக்கு வைத்தார்கள்.
கேகென் சமவெளியில் இது ஒன்றும் புதிதல்ல,
என் வகுப்பிலேயே இரண்டு பேர் இருந்தோம்.
யார் என்னைக் கூப்பிட்டாலும்
எனக்குப் பின்னால் வரவேண்டியவனை
வாசலில் நின்று அழைப்பதுபோல் இருக்கும்.
அவன் வந்தான். பல் மருத்துவன். நல்லவன்.

இப்போது என் வேலை
தேர்ந்தெடுப்பது.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்கொரு நாற்றின் இலைத்துண்டு,
சட்டைப் பொத்தானில் பாதி.
பனிக்கட்டிப் பெட்டியில் அல்மாத்தி போய்
ஒன்பதாம் நாள் எண்களாகத் திரும்பி வரும்.
எது வேரில் ரப்பர் கட்டும்,
எது சும்மா பூத்துவிட்டுப் போகும் என்று
மூன்றாம் இலை விடும் முன்பே தெரிந்துவிடும்.
"அந்தக் காலத்தில் தோண்டி, காய்ச்சி, எடை போட்டு,
நல்ல செடி என்று தெரியும்போது
செடி செத்திருக்கும்" என்பார் மிர்ஸாபெக்.
"இப்போது?"
"இப்போது உயிரோடு இருக்கும்போதே தெரிகிறது."
நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

கோக்சாகிஸ்.
பச்சை மெல்லுபசை என்று மேய்ப்பர்கள் வைத்த பெயர்.
ரோட்டோரத்து மஞ்சள் பூவுக்குத் தங்கை முறை.
வேரை ஒடித்தால் துண்டுகள் பிரியாது,
வெள்ளை நூல் ஒன்று நடுவில் தொங்கும்,
விவாகரத்தானவர்களுக்கு இடையில் பிள்ளை மாதிரி.
அந்த நூலுக்காகத்தான் டயர் கம்பெனிக்காரர்கள்
சேறு படாத பூட்ஸோடு வருகிறார்கள்.
அவர்களுக்கு வேண்டியது தடித்த வேர்,
களைக்குத் தோற்காத இலை,
எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும் ஒழுக்கம்.
செடிக்கோ ஒரு பிடிவாதம்:
தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது.
அந்நியன் வரவேண்டும், அதுவும் தேனீயின் காலில்.
அந்தப் பூட்டு எந்தக் குரோமோசோமில் என்று
கண்டுபிடித்துவிட்டோம்.
திறக்கத்தான் வரவில்லை.

அந்த வசந்தத்தில் மூன்று தேறின.
தொண்ணூற்று மூன்றைப் பிடுங்கினேன்.
அறுபத்தொன்றாம் குழிக்காரி கடைசி.
ரப்பர் இரண்டு சதம்கூட வராது என்றது கணக்கு.
பெயர்ப்பட்டையைக் கழற்றிக்கொண்டு
கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் எறிந்தேன்.
வருத்தமெல்லாம் இல்லை.
சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

ஜூலையில் குப்பைமேட்டில் ஒரு மஞ்சள்.
பார்த்தேன். பிடுங்கவில்லை.
கையில் தேநீர் இருந்தது,
வேறு காரணம் தேடாதீர்கள்.

மறு ஆண்டுத் தட்டில்
தேறியவற்றின் பிள்ளைகளில் ஒன்றுக்கு
நான்காம் குரோமோசோமில் ஒரு துண்டு பொருந்தவில்லை.
எங்கோ பார்த்த முகம்.
பழைய கோப்பைத் திறந்தேன்,
எழுத்துக்கு எழுத்து
அவள்.
வலைக்கூடாரத்தில் கிழிசல் எங்கே என்று
இன்றுவரை யாருக்கும் தெரியாது,
ஒரு தேனீயைத் தவிர.

அப்படியொன்றும் அதிசயப் பிள்ளையில்லை.
எண் நடுத்தரம்.
வேர் என் சுண்டுவிரல்.
"கலப்பு. பிடுங்கிவிடு" என்கிறார் மிர்ஸாபெக்,
தலை தூக்காமல்.
பிடுங்குவதற்கும் ஒரு படிவம் உண்டு.
தாய்: கே-பதினேழு.
தந்தை என்ற கட்டத்தில்
நான் எறிந்த அவளை எழுத வேண்டும்.
கட்டத்தில் ஒரு கோடு
மினுக்கி மினுக்கிக் காத்திருக்கிறது.

மண்ணை விலக்கிப் பக்கவேர் ஒன்றைக் கிள்ளி
வாயில் போட்டுக்கொண்டேன்.
முதலில் மணல்.
பிறகு கசப்பு, அதன் அடியில் கொஞ்சம் இனிப்பு.
எல்லாம் கரைந்து போன பிறகு
கரையாத ஒன்று
பல்லுக்குப் பல் தாவுகிறது.

தம்பி பார்த்தால் திட்டுவான்.
மென்றுகொண்டிருக்கிறேன்.