துணைவினை

வனத்துறை அறிக்கையிலிருந்து மூன்று வரிகளைக்
கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.
தீவருகே ஏழு பெண்கள் கண்டறியப்பட்டனர்.
பாசி மூட்டைகள் கைப்பற்றப்பட்டன.
அபராதம் விதிக்கப்பட்டது.
எழுவாயை வட்டமிடச் சொன்னதும்
சாக்பீஸோடு வந்த ஹபீப் நிஷா
வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னாள்:
"எல்லாத்துலயும் ஒரு 'படு' இருக்கு மேடம்.
அது யாரோட கை?"
மணி அடித்துவிட்டது.

சின்னப்பாலத்தில் அமலோற்பவம்
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
மரிக்கொழுந்துப் பாசி காய்ந்துகொண்டிருந்தது
பழைய சேலை ஒன்றின் மேல்.
எந்தத் தேதி என்று கேட்டேன்.
"கச்சான் ஓஞ்சு தண்ணி தெளிஞ்ச மறுநா."
ஆபீசரும் இதைத்தான் கேட்டாராம்,
இதைத்தான் சொன்னாளாம்.
அவர் எழுதிக்கொண்டது: தேதி நினைவில்லை என்கிறார்.

"மூட்டைய அவுத்துக் கொட்டுனவன்
வாட்ச் கட்டல அன்னைக்கு.
கட்டுன தடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு.
என் முங்குற கண்ணாடிய மிதிச்சிட்டு
பாத்துப் போம்மான்னான்."

கருத்தரங்குக் கட்டுரையை அவளுக்கு வாசித்தேன்.
நேர்காணல்கள் எடுக்கப்பட்டன.
நினைவுகள் பதிவு செய்யப்பட்டன.
பாசியில் ஒட்டிய சிப்பிகளை உதறியபடி
கேட்டுக்கொண்டே இருந்தவள்
"நீதான வந்த?" என்றாள்.
"பாம்பன்ல பஸ்ஸ விட்டு எறங்கி,
செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு.
ரெண்டு டீ குடிச்ச.
மூணாவதுக்குப் பால் இல்லன்னேன்.
அதெல்லாம் எங்க?"

ராமநாதபுரம் பஸ், ஜன்னலோரம்.
பாலத்தின் மேல் வரும்போது
ஒவ்வொரு 'படு'வாக அடித்தேன்.
நான் கேட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது;
பதினெட்டு வருஷ சர்வீஸில்
எந்தக் கட்டுரையிலும் நான் இருந்ததில்லை.
கீழே ஒரு வல்லம், ஒற்றை விளக்கு.
வலையில் விழுவதற்கும் இங்கே பாடு என்றுதான் பெயர்.
இன்னைக்குப் பாடு எப்படி என்று கேட்டால்
இரண்டுக்கும் சேர்த்தே பதில் வரும்.

மிஞ்சியது அந்த வரிதான்.
மூட்டைகள் கைப்பற்றப்பட்டன என்பதை அடித்துவிட்டு
'வாட்ச் கட்டாத ஒரு கை
மூட்டையை அவிழ்த்தது' என்று மாற்றினேன்.

இதழாசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில்
தன்மை ஒருமையைத் தவிர்க்கவும் என்றிருந்தார்.
கைக்கு நேரே ஒரு கேள்விக்குறி: ஆதாரம்?

தன்மை ஒருமையை அப்படியே விட்டேன்.
கீழே அடிக்குறிப்பு சேர்த்தேன்:
அமலோற்பவம், பாசி எடுப்பவர், சின்னப்பாலம்.
நாள்: கச்சான் ஓய்ந்து
தண்ணீர் தெளிந்த மறுநாள்.