கியர்பெட்டிக்கு ஒரு மறதி

கிண்டி சர்வீஸ் சென்டரில்
பதினெட்டாயிரம் என்றார்கள்.
பள்ளிக்கரணை இஸ்மத் பாய்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு.
பழைய ஆளோட கால்
இன்னும் அதுக்கு ஞாபகத்துல நிக்குது.
வீட்டுலயே மறக்கடிச்சிடுங்க.
காசு வேணாம்."

ஞாயிறு காலை ஆறு மணி.
மடிப்பாக்கம் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளம்.
தூணில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு
என் இடுப்புயரத்தில்.
சாவியைப் பாதிவரை திருப்பினேன்.
விளக்குகள் எல்லாம் எரிந்தன,
இன்ஜின் எழவில்லை.
ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து
எண்ணத் தொடங்கினேன்.

ஓடாத வண்டியில் முழு வேகம்.

ஒன்பதில்
இரண்டாம் மாடி சுதர்சனம்
பால் பாக்கெட்டோடு குனிந்து பார்த்தார்.
"ஸ்டார்ட் ஆகலையா?"
வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும்.
தலையை எப்படியோ ஆட்டினேன்.
பாலை பானெட் மேல் வைத்துவிட்டு
படியேறி ஓடினார்.
பதினேழு. பதினெட்டு.
தெருவில் குப்பை வண்டி பாடிக்கொண்டே போனது.
இருபத்து மூன்றில் தொடை நடுங்கியது.
முப்பதில் சாவியை அணைத்துக் காலை எடுத்தால்
ஜம்பர் கேபிளோடு
மூச்சு வாங்க நிற்கிறார் மனுஷன்.
"பேட்டரி இல்ல சார், மறதி" என்றேன்.
பாலை எடுத்துக்கொண்டு போனார்.
மாலையில் அவர் மனைவி வந்து
என் உடம்பை விசாரித்தார்.

பத்து நிமிடம் எதையும் தொடாமல்
விடவேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர்
யூஜின் தேவசகாயம், வியாசர்பாடி.
பார்த்ததில்லை, புரோக்கர் வழியாக வந்த வண்டி.
ஆனால் கால் தெரியும்.
முப்பதைத் தொடுமுன் தயங்கும்.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக
அனுமதி கேட்கும்.
மேம்பாலம் ஏறும்போது
பின்சீட்டில் யாரோ தூங்குவதுபோல் ஏறும்.
டாஷ்போர்டு பெட்டிக்குள்
ஓட்டல் சோம்புப் பொட்டலம் ஒன்று,
ஒரே ஆஸ்பத்திரியின் பார்க்கிங் சீட்டுகள் பதினொன்று,
எல்லாம் செவ்வாய், வெள்ளி.
நான் ஒன்றும் துப்பறியவில்லை.
எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தபோது
பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

கிளப்பியதும்
ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு குத்து,
இரண்டிலிருந்து மூன்றுக்கு ஓர் உதை.
"சீரா மிதிங்க, நூறு கிலோமீட்டர்ல
உங்க காலைக் கத்துக்கும்" என்றிருந்தார் பாய்.
கேளம்பாக்கம்வரை போய்த் திரும்பி
மறுபடி கேளம்பாக்கம்வரை போனேன்.
அன்றுதான் எனக்கும் தெரிந்தது
என் கால் எப்படிப்பட்டதென்று:
அவசரக்காரி,
மஞ்சளைப் பச்சையென வாசிப்பவள்.
வண்டி அதையும் ஒப்புக்கொண்டது.
நாவலூர் தாண்டியபிறகு
கியர் மாறியதே தெரியவில்லை.

திங்கள்.
கைவேலியிலிருந்து விஜயநகர்வரை
ஒரு முழம் நகர்வு, ஒரு பிரேக்,
மெட்ரோ தகரத்தை உரசிக்கொண்டு
மூக்கை நுழைக்கும் ஷேர் ஆட்டோ,
ஒழுகிக்கொண்டே வழிவிடாத தண்ணி லாரி,
இன்னொரு முழம்.

புதன்கிழமை
முப்பதைத் தொடுமுன் தயங்கியது.
வெள்ளிக்குள்
மூன்றுக்குப் போக
அனுமதி கேட்க ஆரம்பித்துவிட்டது.

சிரித்துவிட்டேன்.
யூஜின், அது உங்கள் காலே இல்லை.
உங்களுக்கும் எனக்கும்
ஒரே ரோடுதான் டியூஷன் எடுத்திருக்கிறது.

மேம்பாலம் ஏறும் அந்த மெதுவு மட்டும்
இன்றுவரை திரும்பவில்லை.
அதை ரோடு சொல்லிக்கொடுத்திருக்காது.

நேற்று கத்திப்பாராவில்
பின்சீட்டில் என் பை மட்டும் கிடக்க
மெல்ல, மிக மெல்ல மிதித்துப் பார்த்தேன்.
பின்னால் வந்த மீன் டெம்போ
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.