ஏழாங்கட்டை

டயர் கடைக்கு மேல்மாடியில் என் வகுப்பு.
கீழே நட்டு கழற்றும் துப்பாக்கி உறுமும்போது
பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்.
அடங்கியதும்
விட்ட இடத்திலிருந்து வகுப்போம்.

லாபிஸுக்கு வந்து பதினான்கு மாதம்.
முதல் வாரம் ஒரு கணக்கில் மைல் என்று எழுதினேன்.
"கட்டையா டீச்சர்?" என்றாள் தர்ஷிகா.
எனக்குக் கட்டை என்றால் விறகு.
இங்கே அது ரோட்டை அளக்கும் சொல்:
மூணாங்கட்டையில் முனீஸ்வரர்,
அஞ்சாங்கட்டையில் செம்பனை ஆலை,
ஏழாங்கட்டையில் பழைய டிவிசன்.
கவிநேசன் அங்கிருந்துதான் வருகிறான்,
சட்டையில் ஆலைப்புகையின் எண்ணெய் வாசனையோடு.

"பசியாறிட்டீங்களா?" என்பார்கள்
ரொட்டி சானாய் கடையில், காலை ஆறு மணிக்கு.
எங்கள் ஊரில் அது மேடையில் பேசுகிற தமிழ்.
கேட்டபோது
கைதட்ட வேண்டுமோ என்று பட்டது.

மற்றபடி துணி காயாது.
நாலு நாளாய் அறையில் ஈரமாய்த் தொங்குகிறது
அருப்புக்கோட்டையில் எடுத்த வாயில் சேலை.
அங்கே என்றால்
குளித்து வருவதற்குள் அப்பளமாகியிருக்கும்.

சந்தை மலாய் வந்துவிட்டது எனக்கு.
பெராப்பா, மாஹால்லா, குராங் சிக்கிட்:
கீரைக்காரி சிரித்துக்கொண்டே ஐம்பது சென் குறைப்பாள்.
முத்திரை குத்திய மலாய்தான் வரவில்லை.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை,
முதலாளி லிம் ஊரில் இல்லாத நேரம் பார்த்து
குடிநுழைவு அலுவலகத்துக் கடிதம் வந்தபோது
உறையைப் பிரித்து
முதலில் என் பெயரைத் தேடினேன்.
பிறகு எண்களை.
எண்கள் என் தொழில்.
ஆனால் ஒரு தேதி
போகச் சொல்கிற தேதியா
இருக்கச் சொல்கிற தேதியா என்பது
எண்ணுக்குத் தெரியாது.

நாலரை மணி. மழை.
பஸ் வராமல் கவிநேசன் மட்டும் உட்கார்ந்திருந்தான்
காலணியை ஜன்னலோரம் கவிழ்த்து வைத்துவிட்டு.
பன்னிரண்டு வயது.
ஏழாம் வாய்ப்பாட்டில்
இன்னும் ஐம்பத்தாறில் சறுக்குகிறவன்.
அவனிடம் நீட்டினேன்.
நீட்டிய கை யாருடையதோ போலிருந்தது.

வரிக்கு வரி விரலை நகர்த்தினான்,
கணக்குப் போடும்போது எண்ணாதே என்று
நான் அதட்டுகிற அதே விரல்.
மூன்றாம் பத்தியில் நின்றது.
"டிலுலுஸ்கான்.
லுலுஸ் டீச்சர், பாஸ் பண்ணிட்டீங்க. ஒரு வருசம்."

சிரித்தேன்.
மிட்டாய் டப்பாவைத் திறந்தேன்.
"எப்படிடா சட்டுனு கண்டுபிடிச்சே?"

புளி மிட்டாயின் தாளைப் பிரித்தபடி சொன்னான்:
"ரெண்டே சொல்லுதான் டீச்சர் இந்த மாதிரி லெட்டர்ல.
ஒன்னு உங்களுது.
இன்னொன்னு டிதோலாக்.
எங்க வூட்டுக்கு அதான் வரும். மூணு தடவ வந்துருச்சு."

வகுப்பில் எல்லாரும் ஐ.சி.க்குப் படம் எடுக்கப் போன நாளில்
இவன் மட்டும் தனியாக உட்கார்ந்து
கரும்பலகை துடைத்தானாம்.
இதை அவன் சொல்லவில்லை.
தர்ஷிகா சொன்னாள், போன மாதம்.
நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்;
"ம்" என்றேன்.

அவன் பிறந்தது ஏழாங்கட்டையில்.
அவன் அப்பா பிறந்ததும்.
கல்யாணத்தைப் பதியவில்லை என்பது போல ஏதோ ஒன்று,
எந்தக் காகிதம் என்று
அவர்களுக்கே இப்போது சரியாகத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது
என் காகிதம் மட்டும்.

அதை நாலாய் மடித்தேன்.
பைக்குள் வைக்க, அவன் கிளம்பட்டும் என்று இருந்தேன்.
அவன் கிளம்பவில்லை. மழை விடவில்லை.
"ஏழெட்டு?" என்றேன்,
வேறொன்றும் வாயில் வராமல்.

"ஐம்பத்தி..." என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்தான்,
மீதி அங்கே எழுதியிருப்பது போல.

கீழே துப்பாக்கி உறுமியது.
அடங்கும்வரை
இருவரும் காத்திருந்தோம்.