நூற்றெண்பது கோடு

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து பங்களா ஒன்றைக் காலி செய்த அன்று
அது என் பஸ்ஸில் ஏறியது, லக்கேஜ் டிக்கெட் இல்லாமல்.
பதினெட்டாம் கொண்டை ஊசியில் ஆயிரத்து இருநூறு.
கண்டக்டர் செங்கோடன் வளைவுக்கு வளைவு பேசிக் குறைத்தான்.
அடிவாரத்தில் எண்ணூறு.
கூடவே ஒரே ஒரு இசைத்தட்டு.
நடுவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கரையான் தின்றிருந்தது.

பாடுகிறவள் யாரென்று தெரியாது.
மூன்று மாதம் அவள் எங்கள் வீட்டில் அழுதாள்.
அப்படித்தான் நினைத்தோம்.
சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி
கோமளாவும் அவளோடு சேர்ந்து அழுவாள், சுருதி பிசகாமல்.
எனக்கு மிருதங்கத்தின் மேல்தான் சந்தேகம்.
லோடு ஏற்றிய லாரி
செகண்ட் கியரில் மலையேறுகிற மாதிரி இருந்தது.

அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில்
ஐந்து ரூபாய்க்கு ஒரு வட்டம் எடுத்தேன்.
ஓரமெல்லாம் கோடு, நூற்றெண்பது.
ட்யூப் லைட் நொடிக்கு நூறு தடவை சிமிட்டும்.
வேகம் சரியென்றால்
கோடுகள் நின்றது நின்றபடி தெரியும்.
வீட்டிலோ எல்லாம் எல்.இ.டி.
பொய்சாட்சி சொல்கிறவன் போல அது கண்ணே சிமிட்டாது.
சோக்கு வைத்த பழைய விளக்கு
மாடிப்படித் திருப்பத்தில் மட்டும்தான்.
ஒயர் இழுத்து, பெட்டியோடு அங்கே உட்கார்ந்தேன்.
கொலுசுப் பட்டறை சவுந்திரராஜன்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்.

கோடுகள் பின்னால் போயின,
ஏற்றத்தில் கிளட்ச் நழுவிய வண்டி மாதிரி.
அடியில் ஒரு துளை, உள்ளே ஒரு திருகு.
கால் சுற்று. முன்னால் வந்து, மறுபடி சரிந்தது.
அரைச் சுற்று. அப்படியேதான்.
கடைசிவரை திருகி, இனி இடமில்லை என்றபோதுதான் உறைத்தது:
பதினேழு வருட சர்வீஸ்,
ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு
ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டைக் கழற்றினேன்.
அச்சு இறங்கும் குழிக்குள் பழைய எண்ணெய்
பதம் தவறிய வெல்லப்பாகாய் இறுகிக் கிடந்தது.
ஊதுவத்திக் குச்சியில் வேட்டிக் கிழிசலைச் சுற்றி
பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன்,
எட்டாவது கிழிசல் வெள்ளையாக வரும்வரை.
கடைசியாக ஒரு இரும்புக் குண்டு உருண்டு வந்தது.
மிளகளவு.
அத்தனை பாரமும் அதன் தலையில்தான்.

செங்கோடன் கிரீஸ் வைக்கச் சொன்னான்.
கிரீஸ் பஸ்ஸுக்கு.
அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில்
சின்னக் குப்பியில் ஸ்பிண்டில் ஆயில் வாங்கி வந்தேன்.
மூன்று சொட்டு.
நான்காவது கை தவறி விழுந்தது.

தட்டு இறங்க மறுத்தது.
உள்ளே அகப்பட்ட காற்று வெளியே வந்தால்தான்
அதற்கு இடம்.
அழுத்தக் கூடாது.
பனியில் விளக்கைப் போட்டு ஓரம் ஒதுங்கி
மேலேறும் வண்டிக்கு வழிவிடுவேனே, அப்படிக் காத்திருந்தேன்.
நாலு நிமிடத்தில்
யாரும் சொல்லாமல் அதுவே உட்கார்ந்தது.

இப்போது கோடுகள் முன்னால் ஓடின.
திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினேன்.
நின்றன.
விரல் வைத்துப் பார்த்தேன், சுற்றுகிறது.
விரலை எடுத்துப் பார்த்தேன், நிற்கிறது.

அவள் அழவே இல்லை.
யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள்.
வழக்கத்தைவிடப் பதினைந்து நொடி முன்னதாகவே
முடித்துவிட்டுப் போய்விட்டாள்.
கோமளா சேர்ந்து பாடினாள்,
மேலே போகும் இடத்தில் குரல் பிளந்தது.
இன்னொரு தரம் பார்த்தாள்.
பிறகு மிக்ஸியைப் போட்டாள்.
மறுநாள் மாவு பிசைகையில் சத்தமில்லை.
அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் லாஸ்ட் ட்ரிப் முடித்து வந்து
மறுபடி மாடிப்படித் திருப்பம்.
அவள் மேல்படியில் உட்கார்ந்து பாட
நான் திருகைத் திருப்பினேன்.
இன்னும் கொஞ்சம், என்றாள்.
இன்னும் ஒரு மயிரிழை.
எட்டியது.
அங்கேயே விட்டேன்.

கோடுகள் பின்னால் நகர்கின்றன,
அவசரமில்லாமல், சுவரைப் பார்த்து.

வேகம் சரியாயிடுச்சாண்ணே, என்று கேட்டான் செங்கோடன்.
ரெண்டு விசில் குடு, என்றேன்.