தொங்கல்

புஷ்பவனம் சவுக்குத் தோப்பு.
எட்டாம் வரிசையில் முறிந்த தலையொன்று
பக்கத்து மரத்தின் தோளில் சாய்ந்து கிடக்கிறது,
போன மாசக் காற்றின் மிச்சம்.

மழைக்கு முன்னே கட்டைகளை இழுத்தாக வேண்டும்.
"ஒரே நடைதானே, வீரகுமாரு"
குடைக்குள் நின்று சொல்கிறார்
ஜெகபர் மரைக்காயர்.

என் டிராக்டருக்குக் கூரை இல்லை.
எஞ்சினைப் போட்டால் மணல் அதிரும்,
வேர் அதிரும்.
மேலே இருப்பதற்கும் காது உண்டு.

அணைத்துவிட்டு இறங்கினேன்.
நாற்பது முழக் கயிறு
மூன்றாவது வீச்சில்தான் மாட்டியது.
எட்ட நின்று இழுத்தோம்,
நானும் அஞ்சப்பனும்.

விழுந்த சத்தம் சின்னதுதான்.
மணலில் ஒரு முழம் இறங்கி
ஆடாமல் நின்றது.

மரைக்காயர் குடையை மடக்கி
ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
அப்புறம் கைக்கடிகாரத்தை.
அந்த ஒரு மணி நேரத்தைக்
கூலியில் கழித்துக்கொள்ளட்டும்.

இன்னும் பதினோரு வரிசை.
இப்போதே கழுத்து வலிக்கிறது.