முப்பத்தொன்றாவது

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஆய்வில் பிழை என்றில்லை,
ஆய்வை இன்னும் படிக்கவேயில்லை.
மேற்கோள் பட்டியல் இதழின் பாணியில் இல்லையாம்.
பத்து நாள் அவகாசம்.

இப்ரியில் வியாழன் இரவு.
அலுவலகத்தில் நானும் ஏசியும்.
அறுபத்திரண்டு மேற்கோள்.
ஒவ்வொன்றிலும் ஆண்டைப் பெயருக்குப் பக்கத்திலிருந்து பிடுங்கி
வரியின் கடைசியில் நட வேண்டும்.
தொகுதி எண் தடித்து,
இதழின் பெயர் சாய்ந்து:
ஷமால் அடித்து ஓய்ந்த மறுநாள்
வேலியோரப் பேரீச்சை நிற்குமே, அந்தச் சாய்வு.

காற்புள்ளியா அரைப்புள்ளியா என்று
மூன்று மணிநேரம் குனிந்திருந்தேன்.
என் கல்யாணப் பத்திரிகையைக்கூட
இத்தனை கவனமாய்ப் படித்ததில்லை.
(அதிலும் பிழை இருந்தது. அது வேறு கதை.)

மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கிறது.
நமக்கேது?
பெமிலாவை ஒற்றை எழுத்தாக்கி
அந்தோணிசாமி, பெ. என்கிறது.
ஆறு கட்டுரைகளுக்கு ஆசிரியர் இப்போது அப்பா.
கோவில்பட்டி இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவரை
சூரியத் தகடுகளில் தூசி படிவது பற்றி
நூற்றுப் பதினான்கு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
சொன்னேன். "காசு ஏதும் வருமா?" என்றார்.

முப்பத்தொன்றில் நின்றுவிட்டேன்.
அது நூலில்லை, கட்டுரையில்லை.
எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு.
தகடு கழுவும் சன்னாசி
பதினான்கு மாதம், விடியலில், தண்ணீர் விடுவதற்கு முன்
ஒரு சாண் கண்ணாடியை வழித்தெடுத்து
சந்தையில் வாங்கிய நகைத் தராசில் வைத்து
எழுதி வந்தது.
யாரும் சொல்லவில்லை. எதற்கென்று கேட்டதற்கு
"எம்புட்டு அள்ளுறோம்னு தெரியணும்ல மேடம்."

ஏப்ரலில் எங்கள் உணர்கருவி சூட்டில் செத்துக் கிடந்த
பதினொரு நாளும் அதில் இருக்கின்றன.
எடைகளுக்கு நடுவே
"தலவலி", "ஒட்டகம் வேலிக்குள்ள",
"மண்ணு செவப்பு. லேசா உப்பு."
உப்பென்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.
நான்காம் வரைபடம் அந்த உப்பில்தான் தொடங்கியது.

பத்தாக்காவில் உள்ளபடி பெயரை இட்டேன்.
பெரியகருப்பன், ச. என்றானது.
தலைப்பு? விட்டுவிட்டேன்.
இடம்? வடக்கு வேலி, நான்காம் வரிசை.
பதிப்பகம் என்ற கட்டம் மட்டும்
சிவப்பாகவே இருந்தது.

போன் செய்தேன். கேம்ப்பில் கேரம் ஆடும் சத்தம்.
"உங்க பேர எப்படிப் போடட்டும்?"
"சன்னாசின்னு மட்டும் போடுங்க மேடம்.
அப்பா பேரு வேணாம்.
அந்தாளு எனக்கு எழுதி வச்சது கடன் மட்டுந்தான்."
கொஞ்சம் கழித்து,
"இதால கார்டுல பிரச்சினை ஏதும் வராதே?"
வராது என்றேன்.
எனக்குத் தெரியாது.

இதழின் விதிகள், பக்கம் ஒன்பது:
வெளியிடப்படாத தரவு பட்டியலில் இடம்பெறாது.
வாக்கியத்துக்குள், அடைப்புக்குறிக்குள் மட்டும்.
"மற்றும் பிறர்னு முடிச்சிடுங்களேன்" என்று
செய்தி அனுப்புகிறார் மேற்பார்வையாளர்.
அவர் பெயர் எப்போதும்
"மற்றும்"முக்கு முன்னால் வரும்.

முப்பத்தொன்றை அழித்தேன்.
கீழே இருந்த முப்பத்தொரு பேரும்
ஆளுக்கு ஒரு படி மேலேறிக்கொண்டார்கள்,
ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
நான்காம் வரைபடத்தின் அடியில்
(சன்னாசி, வெளியிடப்படாத நாட்குறிப்பு)
என்று எழுதினேன்.
எழுத்தளவு எட்டு. அதுவும் விதி.

ஐந்து மணிக்கு வெளியே காற்று எழுந்தது.
கதவிடுக்கில் நைசாக நுழைவது கேட்டது.
திரையில் ஒரு புள்ளி. விரலால் துடைத்தேன்.
போகவில்லை.
முந்தானையால் துடைத்தேன். போகவில்லை.
பன்னிரண்டாம் மேற்கோளின் கடைசியில்
இரண்டு முற்றுப்புள்ளி.
ஒன்றை எடுத்தேன்.